நின்ற இடத்தில் ஒரு பென்சில் கோடு

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு வைத்துவிடுவேன். காரணம் இரண்டு. பழனி ஆண்டவரைப் பற்றிய ஒரு புத்தகம் எனக்குச் சலித்தது என்று எழுத வேண்டிவரும். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற கையால் அதை எப்படி எழுதுவது? அடுத்தது, இதில் வருகிறவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள். அவர்கள் இருக்கும்போது எழுதுவது மரியாதை இல்லை. இப்போது அந்த ஐயாவும் இல்லை, ஆச்சியும் இல்லை. அவர்கள் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றார். ஆண்டவரிடம் நான் தனியாகக் கேட்டுக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழுதத் தூண்டியது நான் வேலை பார்த்த அச்சகத்துப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அச்சகத்தை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிற இரண்டு பெண்களுக்குள் ஒரு வழக்கு. ஒருத்தி ஏதோ பெரிய கதைப் புத்தகம் வாங்கி, பாதியைத் தாண்ட முடியாமல் மாதக்கணக்கில் கைப்பையில் சுமந்துகொண்டிருக்கிறாள். ஐம்பது பக்கத்துக்குள் பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், எங்கள் போன் குழுவில் எல்லாரும் அப்படித்தான் என்கிறாள் மற்றவள். ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் மனசு உறுத்துகிறதே என்கிறாள் முதல் பெண். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொல்லுங்கக்கா. பிடிக்காத புத்தகத்தைப் படிச்சே பொழப்பு நடத்துனவுக நீங்கதானே."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சிங்கம்புணரிப் பக்கம். பத்தாவது வரை படிப்பு. காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் அச்சான தாள்களை மடித்து அடுக்குகிற வேலை. மடிக்கும்போது அதில் இருப்பதை வாய்விட்டு வாசித்துக்கொண்டே மடிப்பேன். சின்ன வயதில் இருந்தே அந்தப் பழக்கம். அதைக் கேட்ட சபாபதி சார் என்னைத் தன் மேசைக்கு மாற்றிக்கொண்டார். அவர்தான் பிழை திருத்துகிறவர். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை என் வேலை படிப்பதுதான்.

எப்படிப் படிப்பது என்று சொல்ல வேண்டும், இப்போது யாரும் அப்படிப் படிப்பதில்லை. எழுதியவர் கொடுத்த கையெழுத்துப் பிரதி என் கையில் இருக்கும். அச்சகம் சோதனைக்காக எடுத்த புரூஃப் சார் முன்னால் இருக்கும். நான் சத்தமாகப் படிக்கப் படிக்க, அவர் வரிக்குக் கீழே ஒரு ஸ்டீல் ஸ்கேலை நகர்த்திக்கொண்டே புரூஃபில் பார்ப்பார். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. கமா வந்தால் "கமா" என்று சொல்ல வேண்டும். முடிந்தால் "புள்ளி". புதுப் பத்தி வந்தால் "பாரா". யாராவது பேசினால் "மேற்கோள் திற", பேசி முடித்தால் "மேற்கோள் மூடு". ஒரு மாதத்தில் அது நாக்கில் ஏறிவிட்டது. தெருப் பெண்கள் சேர்ந்து செய்த திருவிளக்குப் பூசையில் போற்றி வாசிக்க என்னை உட்கார வைத்தார்கள். நான் வாசிக்க, அவர்கள் கூடவே திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் பக்கம் முடிந்ததும் கணீரென்று "பாரா" என்றேன். அத்தனை பெண்களும் பக்தியோடு "பாரா" என்றார்கள். அம்மன் பொறுத்துக்கொண்டாள். தெருக்காரர்கள்தான் ரொம்ப நாளைக்குப் பொறுத்துக்கொள்ளவில்லை.

சபாபதி சார் அதட்டுகிற ஆள் இல்லை. சட்டைப் பையில் சுக்கு மிட்டாய் வைத்திருப்பார். ஒரு பக்கம் நன்றாகப் போனால் ஒன்றை மேசையில் என் பக்கமாகத் தள்ளிவிடுவார். நான் வேகம் எடுத்தால் ஸ்கேலால் மேசையை ஒரு தட்டு. "பஸ்ஸைப் பிடிக்கணுமா தெய்வானை?" என்பார். அவ்வளவுதான், பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். படிக்கிற ஆளுக்குச் சலிப்பு வந்தால் முதலில் குரல்தான் ஓடும், பிழை அங்கேதான் தப்பிக்கும் என்பது அவர் கணக்கு. அதனால் பிடித்த பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம், பிடிக்காத பக்கத்தை மெதுவாகப் படிக்க வேண்டும்.

எங்கள் அச்சகத்துக்கு வருகிற புத்தகங்களில் முக்கால்வாசி பிடிக்காத பக்கம்தான். குறை சொல்லவில்லை, எங்களுக்குச் சோறு போட்டது அவைதான். ஆடு வளர்ப்பு, சங்கத்து ஆண்டறிக்கை, ஓய்வு பெற்ற அதிகாரிகள் எழுதிய கவிதை, குடும்ப விழா மலர்கள். செட்டிநாட்டுப் பக்கம் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் வந்தவர்களுக்குத் தேங்காய் பழத்தோடு பையில் ஒரு புத்தகமும் போட்டுக் கொடுக்கிற வீடுகள் உண்டு. பெரும்பாலும் அந்தப் பை வீட்டுக்குப் போனதும் தேங்காய் அடுப்படிக்குப் போகும், புத்தகம் பரணுக்குப் போகும். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஜீவன்கள் இரண்டே. நானும் சாரும்.

அந்த மேசையில் ஒரு விதி இருந்தது. தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நின்ற இடத்தில், ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். யார் நிறுத்தினார்களோ அவர்கள் பெயரின் முதல் எழுத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் போட வேண்டும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அடுத்த நாள்கூட வரலாம். வந்து அதே கோட்டிலிருந்து படித்த பிறகுதான் கோட்டை அழிக்கலாம். கோடு போடாமல் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நாலு வரி தாண்டுவதுதான் அவருக்குப் பிடிக்காதது. முதல் வாரத்தில் ஒரு ஜோசியப் புத்தகத்தில் அவரே கோடு போட்டு "ச" என்று எழுதியதைப் பார்த்து, உங்களுக்குமா சார் என்று கேட்டுவிட்டேன். "சலிக்காதவனுக்கு பென்சில் எதுக்கு?" என்றார்.

எழுதியவர்கள் வந்து புத்தகம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் யாரும் இல்லை. சார் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "முழுசாப் படிச்சேன்." சிலர் அதற்கே கண் கலங்கிப் போவார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பொய்யும் இல்லை, புண்படுத்தவும் இல்லை.

அந்தப் பதில் செல்லாமல் போனது ஒரே ஒரு இடத்தில். இனி அதைச் சொல்கிறேன்.

வலையபட்டியில் ஒரு செட்டியார் ஐயா. மதுரையில் இரும்புக் கடை நடத்தி, பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊரோடு வந்து இருந்தவர். அவருக்கு எண்பதாம் கல்யாணம் வந்தது. அதற்குக் கொடுக்க அவரே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போகிறவர் அவர். இருபத்திரண்டு வருடம் போயிருக்கிறார். வருடத்துக்கு ஒரு அத்தியாயம்.

பாதை ஒன்றுதான். குன்றக்குடியில் கூட்டத்தோடு சேர்ந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. முதல் வருடம் எங்கே தங்கினார்கள், எங்கே கஞ்சி குடித்தார்கள், எந்த ஊருணியில் குளித்தார்கள் என்று இருக்கும். இரண்டாம் வருடமும் அதே ஊருணி, அதே கஞ்சி. மூன்றாம் வருடம் கஞ்சிக்குத் துவையல் மாறியது. பழைய அத்தியாயத்தைப் பார்த்து எழுதினாரோ என்று நினைக்கும்படி இருக்கும். நத்தம் தாண்டியதும் ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியம் வரும்: "இங்கே மனம் ஓய்ந்தது, திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், திரும்பவில்லை." நான் அதைப் பார்க்காமலே சொல்கிற அளவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

எனக்குப் பயமாகிவிட்டது. ஆடு வளர்ப்பு சலிக்கலாம். பக்கத்துக்குப் பத்து இடத்தில் முருகன் பெயர் வருகிறது, கொட்டாவி வருகிறதே. கோவிலில் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுநாள் சாரிடமும் சொன்னேன். அவர் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆண்டவரு தினமும் அதே அர்ச்சனையை அதே குருக்கள் வாயால கேக்குறாரு. சலிப்புன்னா என்னன்னு அவருக்கா தெரியாது? கோட்டைப் போட்டுட்டுப் போய்த் தண்ணி குடி."

பதினோராவது வருடம் மட்டும் ஒரே பக்கம். அதைப் படித்தபோது சார் ஸ்கேலை நகர்த்துவதை நிறுத்திவிட்டார். அந்த வருடம் ஐயா பழனி போகவில்லை. நத்தம் தாண்டியதும் திரும்பிவிட்டார். இப்படி எழுதியிருந்தார்: "காலில் வீக்கம் என்று கூட்டத்தாரிடம் சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன். காலில் ஒன்றுமில்லை. பத்து வருடம் பார்த்த அதே புளியமரத்தைப் பார்த்தேன். சலித்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்."

சார் சுக்கு மிட்டாய் ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை என் பக்கம் தள்ளினார். பிழை பார்க்க அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு ஐயாவின் மகன்களில் ஒருவர் வந்தார். சென்னையில் வேலை, தன்மையான மனிதர். புரூஃப் கட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டு வந்தார். முதல் வருடமும் கடைசி வருடமும் மட்டும் இருந்தன. மற்றது எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, வாங்குகிறவர்கள் படிக்க வேண்டாமா என்று அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பதினோராவது வருடத்தின் மேல் மட்டும் கோடு இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தது. மங்கலக் காரியத்தில் கொடுக்கிற புத்தகத்தில் பாதி வழியில் திரும்பியது எதற்கு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது அம்மாவுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

ஆனால் எழுதியவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எங்கள் அச்சகத்தில் மிஷின் ஓடாது. ஐயாவுக்கோ எழுதி முடித்த கையோடு பார்வை போய்விட்டது. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. அவர் மகனிடம் ஒரு நிபந்தனை போட்டார். முழுப் புத்தகத்தையும் எனக்குப் படித்துக் காட்டுங்கள், கடைசி வரை கேட்டேன் என்றால் எதை வைப்பது எதை எடுப்பது என்று நான் சொல்வேன், நடுவில் நானே போதும் என்று சொல்லிவிட்டால் நீ வெட்டியபடி அடித்துக்கொள் என்று சொன்னாராம். அந்தச் சமயம் பார்த்துச் சபாபதி சாருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது, எழுத்தைப் பார்க்கக் கூடாது. அதனால் நான் தனியாக வலையபட்டிக்குப் பஸ் ஏறினேன். சார் தன் பென்சிலைக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டு வாசலிலேயே மகன் நிறுத்தினார். "அக்கா, அந்தப் பதினோராவது வருசத்தை மட்டும் தாண்டிருங்க. ஆத்தா பக்கத்துலயே உக்காந்திருக்காக. இந்த வயசுல எதுக்கு?"

"தாண்டுனா அங்க கோடு போடணும் அண்ணே. இல்லாட்டி நான் படிச்சதுல கணக்கே இல்ல" என்றேன். அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டேன்.

முற்றத்து ஓரத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில் ஐயா சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்த உடனே ஒரு தகராறு. நான் பழக்கத்தில் கமாவோடு படித்தேன். ஐயா கையைத் தூக்கி, "கமா எதுக்காத்தா? நான் ஒரு கமாவும் போடலை, எல்லாம் படியெடுத்த எங்க வீட்டுப் பையன் போட்டது" என்றார். கமாவையும் புள்ளியையும் விட்டேன். பாராவை விட மட்டும் நான் சம்மதிக்கவில்லை, அங்கே மூச்சு வாங்க வேண்டும்.

முதல் வருடத்தைத் தலையாட்டிக் கேட்டார். இரண்டாம் வருடத்தில் தலை ஆடுவது நின்றது. மூன்றாம் வருடத்தில், துவையல் மாறிய இடத்தில், மெல்லக் குறட்டை வந்தது.

நான் நிறுத்தினேன். ஆச்சி அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமலே என்னைப் பார்த்து, படி, படி என்று கண்ணால் காட்டினார்கள். அவர் தூங்குகிறபோதே ஓட்டிவிட்டால் புத்தகம் முடிந்துவிடும், முடிந்தால் அவர் நினைத்தது நடக்கும். அது அவர்கள் ஆசை. எனக்கும் பஸ் இருந்தது. ஆனால் கையில் சாருடைய பென்சில் இருந்தது. ஓரத்தில் கோடு போட்டு, அவர் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

முழித்ததும், நின்ற இடத்திலிருந்து படித்தேன். இதைத்தான் அப்போதே படித்தாயே என்றார். அப்போது நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்றேன். அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. அன்றைக்குப் பிறகு நான் பென்சிலை எடுத்தால் அவருக்குக் கேட்டுவிடும். கண் போனவருக்குக் காது கூர்மை. "என்னத்தக் கீறுற?" என்று பாதித் தூக்கத்தில் கேட்பார். "நீக தூங்குன இடம் ஐயா." "எத்தனை ஆச்சு?" சொல்வேன். ஆச்சி, "ஊருக்கெல்லாம் குடுக்கப் போறீக, எழுதுனவுகளே கேக்க மாட்டேங்கிறீக" என்று வம்புக்கு இழுப்பார்கள். ஒரு நாள் நான் போனபோது சாய்வு நாற்காலி ஓரமாக மடக்கி வைத்திருந்தது. ஐயா முதுகில்லாத மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அப்படியே சில நாள் போனது. தூங்கி, முழித்து, திரும்பப் படித்து, ஒவ்வொரு வருடமாக நத்தத்தைத் தாண்டினோம். நத்தம் வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை என்னோடு சேர்ந்து அவரும் சொல்வார். எனக்கு ஒரு அதிசயம் நடந்தது. மேசையில் படித்தபோது வந்த கொட்டாவி இங்கே வரவில்லை. புத்தகம் அதேதான். கேட்கிறவர் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே படித்ததால், இவர் எப்படியாவது கேட்டு முடிக்க வேண்டுமே ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டே படித்தேன்.

பத்தாவது வருடம் முடிந்தது. அவர் தூங்கவில்லை. ஸ்டூலில் நேராக உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, போதும் என்றார்.

நான் தாளை மடியில் வைத்தேன்.

"எனக்கே முடியலைத்தா. வந்தவுக எப்படிப் படிப்பாக? அவன் வெட்டுனபடி அடிச்சிரு." பிறகு கேட்டார்: "நீ படிச்சியா?"

"முழுசாப் படிச்சேன் ஐயா."

"அதைக் கேக்கலை. சலிச்சுச்சா?"

ஆச்சி முறத்தைத் தட்டுவதை நிறுத்தினார்கள். எத்தனையோ பேரிடம் செல்லுபடியான பதில் என் வாயில் இருந்தது. அதைத் திரும்பச் சொல்ல எனக்கு வரவில்லை.

"சலிச்சுச்சு ஐயா."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நடந்தப்ப எனக்கும் அப்படித்தான்" என்றார். "நாலாம் நாளு சலிக்கலைனு எவனாவது சொன்னா, அவன் கார்ல வந்தவன்."

பிறகு மறுபடி, போதும், கட்டை எடுத்துக்கொண்டு போ என்றார். அவர் நிறுத்தியது எந்த இடம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த பக்கம் பதினோராவது வருடம். அது அவருக்கும் தெரியும். முந்தின நாட்களில் அவர் தூங்கித் தள்ளிப்போட்டதில் எவ்வளவு தூக்கம், எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியாது, அதை நான் சொல்லக் கூடாது. ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள். மகன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்க்கிறார். கட்டைக் கட்டிக்கொண்டு எழுந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

பென்சிலை எடுத்துப் பத்தாவது வருடத்தின் அடியில் கோடு போட்டேன். அவர் காதில் விழுந்தது.

"தூங்கலையே நான். எதுக்குக் கீறுற?"

"நின்ன இடம் ஐயா. எங்க மேசையில அது விதி. நிறுத்துனவுக பேரும் போடணும். யாரு பேரு போடட்டும்?"

அவர் முற்றத்துப் பக்கம், வெளிச்சம் வருகிற திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆச்சி மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் எழுந்தார்கள்.

"நீ எங்க போற? இங்குட்டு வந்து உக்காரு" என்றார் ஐயா. அதன் பிறகு என்னிடம், "படி" என்றார்.

மகன் "அப்பச்சி" என்று அப்பாவிடம் ஏதோ சொல்ல வந்தார். ஐயா அவர் குரல் வந்த பக்கம் கையைக் காட்டினார். அவர் நின்றுவிட்டார்.

நான் படித்தேன். மெதுவாகப் படித்தேன். சார் தட்டுவதற்கு இடமே இல்லாதபடி, ஒவ்வொரு வார்த்தையாக. என்னை அறியாமல் கமாவையும் புள்ளியையும் சொல்லியிருக்கிறேன், பிறகு மகன் சொல்லித்தான் தெரியும். "காலில் ஒன்றுமில்லை புள்ளி" என்று நான் சொன்னபோது ஆச்சியின் தலை நிமிர்ந்தது. பஸ்ஸில் ஏறியது வரை படித்து முடித்தேன்.

ஆச்சி கேட்டார்கள்: "கால்ல ஒண்ணுமில்லையா?"

"இல்லை."

"ஒரு மாசம் வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவுனேனே."

"நல்லா இருந்துச்சு" என்றார் ஐயா.

யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி ஐயாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இந்த வயதில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேனோ என்று பட்டது.

"உங்க காலுக்காகப் பழனிக்கு ஒரு பாலபிசேகம் வேண்டிக்கிட்டு, மறு வருசம் சித்திரையில போயிச் செஞ்சேன்" என்றார்கள் ஆச்சி. "ஆண்டவருக்குத் தெரியும்ல, கால்ல ஒண்ணுமில்லைன்னு. தெரிஞ்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு." பிறகு, "நீகளும் ஒரு மாசம் தெரிஞ்சுக்கிட்டே காலைக் காட்டிருக்கீக" என்றார்கள்.

அப்போது அவர்கள் முகத்தில் வந்தது சிரிப்புதான். கோபமும் கூடவே இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்கள்.

"இதை எடுக்காதப்பா. வேணும்னா மத்ததை எடு. மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான்."

நான் இப்போது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஐயா விடவில்லை. மிச்சத்தைப் படி என்றார். மறு வருடம் மறுபடி அதே குன்றக்குடி, அதே ஊருணி, அதே புளியமரம். கடைசி வருடம் வரைக்கும் வந்து படித்தேன். கேட்டார். நடுவில் தூங்கினார், கோடு போட்டேன், முழித்ததும் அங்கிருந்து கேட்டார். எல்லாம் முடிந்த அன்றைக்கு, நான் தாளில் அவர் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் வருடம், பதினோராவது வருடம், கடைசி வருடம் மூன்று மட்டும் போதும் என்றார். மகன் வெட்டியதற்கும் இதற்கும் ஒரு பக்கம்தான் வித்தியாசம். அந்த ஒரு பக்கத்துக்காக அவர் அத்தனையையும் உட்கார்ந்து கேட்டார்.

கட்டோடு திரும்பி வந்தேன். சபாபதி சார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முழுவதும் கேட்டாரா என்றார். கேட்டார் என்றேன். அழிப்பானை என் பக்கம் தள்ளினார். அத்தனை கோட்டையும் அழிக்க நேரம் ஆயிற்று. பத்தாவது வருடத்தின் அடியில் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பெயர் இல்லை. அது யாருடையது என்று சார் கேட்டார். யார் பெயரும் போட வேண்டி வரவில்லை சார் என்றேன்.

எண்பதாம் கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். புத்தகம் மெலிந்து, தேங்காய்க்கு அடியில் கிடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு வயதான உறவினர், சாப்பாடு வரும் முன்னே பையைத் துழாவி எடுத்துப் பார்த்தார். கெட்டியாக இல்லாததால் எடுத்தார் போல. பாதியில் நிறுத்தி எதிர் வரிசையில் இருந்த நடைக் கூட்டத்தாரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏப்பா, ஒரு தடவை நானும் ஒட்டன்சத்திரத்துல பஸ் ஏறிட்டேன். உங்ககிட்டச் சொல்லலை." எதிர் வரிசையில் இருவர் பேச்சை விட்டுவிட்டு இலையையே பார்த்தார்கள். அவர்களும் ஏறியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. கேட்கவில்லை.

சபாபதி சார் இப்போது இல்லை. அச்சகத்தில் இப்போது யாரும் சத்தமாகப் படிப்பதில்லை. கம்ப்யூட்டர் பிழையைச் சிவப்பு அடிக்கோட்டில் காட்டிவிடுகிறது, அதற்குச் சலிப்பும் இல்லை. நல்லதுதான். தொண்டை கட்டிக்கொண்டு வீட்டில் பேச முடியாமல் போன நாட்களை நினைத்தால், இந்தப் பிள்ளைகளுக்கு அது இல்லை என்பது எனக்குச் சந்தோஷமே.

பிள்ளைகள் கேட்டதற்கு வருகிறேன். பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் முடித்தது கூலிக்காக. ஐயா முடித்தது ஒரு பக்கத்துக்காக. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். பாதியில் திரும்பியவரை ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை, மறு வருடம் அதே பாதையில் கூப்பிட்டுக்கொண்டார். நிறுத்தினால் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், உங்கள் பெயரைப் போடுங்கள். படித்து முடித்தது போலப் பேச வேண்டாம், காலில் வீக்கம் என்றும் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இதைப் படித்தவர்கள் வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால் அப்படியே சொல்லுங்கள். நன்றாக இருக்கட்டும் என்று ஆச்சியை அழ வைக்க வேண்டாம், ஐயாவைப் பழனி மலை ஏற்றி முடிக்கவும் வேண்டாம். நீளம் என்று தோன்றி நடுவில் உங்களுக்கே சலித்தால், எனக்கு வருத்தம் இல்லை. இதுவரைதான் படித்தேன் என்று சொல்லி, மீதியைக் கை வைக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அந்தக் கோட்டிலிருந்து படித்துக்கொள்வார்.